புழு தின்ற புல்லும் புழு தொடாத புல்லும்: ஒரு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்கம் சொல்லப் போகின்றேன். விசுவமடுவில் கறவை மாடுகளை வைத்துப் பராமரிக்கின்ற சகோதரி ஒருவர் அதைக் கேட்டிருக்கின்றார். அவர் எழுதியதை அப்படியே வாசிக்கின்றேன். "எங்கள் வளவில் மாட்டுத் தீவனத்துக்காக நட்ட சீஓ-3 புல்லை மழை தொடங்கிய பிறகு புழு பிடித்து, இலைகளில் நடு நரம்பு மட்டும் மிஞ்சும்படி தின்றுவிட்டது. ஆனால் வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைத்து நிற்கின்ற கினிப்புல்லை அது தொடவேயில்லை. இரண்டும் புல்தானே. அந்தக் குணம் கினிப்புல்லின் பரம்பரையிலேயே இருக்கின்றதா? இருந்தால், அதை எடுத்துச் சீஓ-3 புல்லுக்குள் வைக்க முடியாதா?"

இந்தக் கேள்வி வந்த நாள் முதல் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. தம் வளவில் கண்ணால் கண்ட ஒரு வேறுபாட்டை மட்டும் வைத்துக்கொண்டு, தாவர இனவிருத்தியாளர்கள் பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக வேலை செய்துவருகின்ற ஒரு விடயத்தின் நடுவுக்கே அவர் வந்துவிட்டார். சுருக்கமான விடையை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். அப்படியான குணங்கள் பெரும்பாலும் பரம்பரையில்தான் இருக்கின்றன. ஆனால் அதைக் கினிப்புல்லிலிருந்து எடுத்துச் சீஓ-3 புல்லுக்குள் வைப்பது நமக்கு ஆகக்கூடிய காரியம் அன்று. ஏன் ஆகாது என்பதையும், ஆகக்கூடியது எது என்பதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் புழு எது என்று தெரிய வேண்டும். அவர் சொல்கின்ற சேதத்தைப் பார்த்தால் அது படைப்புழுவாக இருக்கலாம். அமெரிக்கக் கண்டத்துக்குரிய இந்தப் பூச்சி 2016 இல் ஆபிரிக்காவிலும், 2018 இன் நடுப்பகுதியில் கர்நாடகத்திலும் கண்டறியப்பட்டு, அதே ஆண்டின் கடைசியில் இலங்கைக்குள் நுழைந்து சோளச் செய்கையாளர்களைக் கதிகலங்க வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். சேனாப் புழு என்று செய்திகளில் கேட்டிருப்பீர்கள். புழுவின் தலையில், தலைகீழாக நிற்கின்ற ஆங்கில 'வை' எழுத்தை ஒத்த வெளிறிய கோடும், வால் பக்கத்தில் சதுரத்தின் நான்கு மூலைகளைப் போல நான்கு கரும் புள்ளிகளும் இருந்தால் அது படைப்புழுதான். சோளத்தின் மீது அதற்கு ஆசை அதிகம் என்றாலும், நெல், இறுங்கு, நேப்பியர் புல், அறுகம்புல் எனப் புல் குடும்பத்தில் அது வாய் வைக்காதவை குறைவு.

அடுத்ததாக, புழு தொடாமல் விட்ட புல் எல்லாம் எதிர்ப்புள்ள புல் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. அந்துப்பூச்சி முட்டையிட வந்த இரவில் சீஓ-3 புல் வெட்டிய பிறகு துளிர்த்த இளங் குருத்தோடு நின்றிருக்கலாம், கினிப்புல் முற்றிப் பூத்து நின்றிருக்கலாம். யூரியாவும் மாட்டெருவும் வாங்கி வளர்ந்த இலை மிருதுவாக இருக்கும். வாய்க்கால் ஓரத்தில் யாரும் கவனிக்காமல் நின்ற இலை முரடாக இருக்கும். இந்த வேறுபாடுகளுக்கும் பரம்பரைக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. பரம்பரையா இல்லையா என்று அறிய வேண்டுமானால், இரண்டு புல்லையும் ஒரே மண் நிரப்பிய சாடிகளில் ஒரே நாளில் நட்டு, ஒரே அளவு நீரும் எருவும் கொடுத்து, ஒரே வயதுள்ள இலைகளின் மீது ஒரே எண்ணிக்கையான இளம்புழுக்களை விட்டு, நுளம்பு வலையால் மூடிவைத்துப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சி நிலையங்களிலும் அடிப்படையில் இதைத்தான் செய்கின்றார்கள்.

கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரெஜினால்ட் பெயின்டர் என்ற பூச்சியியலாளர் 1951 இல் வகுத்துத் தந்த ஒரு பிரிவு இந்த இடத்தில் பெரிதும் உதவும். ஒரு தாவரம் பூச்சிக்குப் பிடிக்காததாக இருக்கலாம். பூச்சி தின்ற பிறகு அதன் உயிருக்கோ வளர்ச்சிக்கோ தீங்கு செய்வதாக இருக்கலாம். அல்லது, பூச்சி எவ்வளவு தின்றாலும் தாங்கிக்கொண்டு மறுபடி தழைப்பதாக இருக்கலாம். இந்த மூன்றும் வெவ்வேறு குணங்கள். வெவ்வேறு பரம்பரையலகுகள், அதாவது ஜீன்கள், இவற்றை ஆளக்கூடும். ஒன்று இருக்கின்ற புல்லில் மற்றது இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சில வேளைகளில் இவை ஒன்றுக்கொன்று எதிராகவே நிற்கும். கென்யாவில் சோள வயலைச் சுற்றி நேப்பியர் புல்லை வரிசையாக நடுகின்ற ஒரு முறை இருக்கின்றது. தண்டு துளைக்கும் புழுவின் அந்துப்பூச்சி சோளத்தைவிட நேப்பியரைத்தான் விரும்பித் தேடி வந்து முட்டையிடுகின்றது. ஆனால் முட்டையிலிருந்து வெளிவந்த புழு தண்டைத் துளைக்கும்போது நேப்பியர் ஒரு பசையைச் சுரக்கின்றது. அந்தப் பசையில் அகப்பட்டுப் பெரும்பாலான புழுக்கள் மடிந்துபோகின்றன. தாய்ப்பூச்சிக்கு மிகவும் பிடித்த புல்லே பிள்ளைப்பூச்சிக்கு எமனாக இருக்கின்றது. சகோதரி, உங்கள் சீஓ-3 புல்லின் பெற்றாரில் ஒன்று இதே நேப்பியர்தான். ஆகவே அதை எதிர்ப்பே இல்லாத புல் என்று சொல்லிவிட முடியாது. அதன் எதிர்ப்பு வேறொரு பூச்சிக்கு எதிரானது.

மேய்ச்சற் புற்களில் பூச்சியெதிர்ப்பின் பரம்பரையைப் பற்றிப் பேசுகின்றபோது நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது பிரக்கியேரியாப் புற்களின் கதையை. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தப் புற்களைத் தென்னமெரிக்காவுக்குக் கொண்டுபோய் மிகப் பெரிய பரப்புகளில் விதைத்தார்கள். அங்கே நுரைப்பூச்சி காத்திருந்தது. அதன் இளம்பூச்சி, தானே உண்டாக்கிய நுரைக்குள் ஒளிந்துகொண்டு புல்லின் அடியிலிருந்து சாற்றை உறிஞ்சும். வளர்ந்த பூச்சியோ இலையில் உமிழ்நீரைச் செலுத்தி, வெயிலில் கருகியதைப் போல இலையைக் காயவைத்துவிடும். உகண்டாவிலிருந்து அவுஸ்திரேலியா வழியாக வந்த பசிலிஸ்க் என்ற புல் அமிலத்தன்மையான, சத்துக் குறைந்த மண்ணில் அருமையாக வளர்ந்தது, ஆனால் நுரைப்பூச்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் போயிற்று. சிம்பாப்வேயிலிருந்து வந்த மற்றொரு புல்லில் இளம்பூச்சிகள் பிழைக்க முடியாமல் இறந்தன. அந்தப் புல்லைத்தான் பிரேசிலின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்பிராப்பா 1984 இல் மராண்டு என்ற பெயரில் வெளியிட்டது. அமெரிக்க மண்ணில் மட்டுமே வாழ்ந்த ஒரு பூச்சியை, ஆபிரிக்காவில் வளர்ந்த ஒரு புல் அதற்கு முன்பு ஒருபோதும் சந்தித்ததில்லை. சந்தித்திராத எதிரிக்கு எதிரான கவசம் அதன் பரம்பரைக்குள் இருந்தது என்பது இன்றைக்கும் எனக்கு வியப்பூட்டுகின்ற செய்தி. வேறு ஏதோ ஒரு தேவைக்காக அந்தப் புல் வைத்திருந்த இரசாயனமோ இழைய அமைப்போ இந்தப் பூச்சிக்கும் ஆகாததாக அமைந்திருக்க வேண்டும்.

அப்படியானால் பசிலிஸ்க்கையும் மராண்டுவையும் கலந்து, இரண்டு நல்ல குணங்களும் சேர்ந்த ஒரு புல்லை உண்டாக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் தடை இருந்தது. இவை இரண்டும், மகரந்தத்தால் முட்டை கருவுறாமலேயே, தாயை அச்சொட்டாக ஒத்த விதையைத் தருகின்ற புற்கள். விதையிலிருந்து முளைத்தாலும் பிள்ளை தாயின் பிரதியாகவே இருக்கும். இதைப் பற்றி முன்பு ஓர் உரையில் விரிவாகச் சொல்லியிருப்பதால் இப்போது மறுபடி சொல்லவில்லை. ஆணும் பெண்ணும் கலந்து விதை உண்டாக்கக்கூடிய உறவுப் புல் ஒன்று, ரூசிப் புல், இருந்தது. ஆனால் அது, பரம்பரையலகுகளைத் தாங்குகின்ற நிறமூர்த்தங்கள் இரட்டைத் தொகுதியாக அமைந்த இருமடியம். மற்றவை நான்கு தொகுதிகள் கொண்ட நான்மடியங்கள், அதனால் கலப்பு எளிதில் அமையாது. அந்த இடைவெளியைப் பெல்ஜிய ஆய்வாளர்கள் கொல்சிசின் என்ற பொருளைக் கொண்டு ரூசிப் புல்லின் நிறமூர்த்தங்களை இருமடங்காக்கி நிரப்பினார்கள். நமது வன்னிப் பற்றைகளில் மாரியில் நெருப்பாய்ப் பூத்து நிற்கின்ற கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கிலும் விதையிலும் இருக்கின்ற நஞ்சும் அதே கொல்சிசின்தான். இப்படி நான்மடியமாக்கிய ரூசிப் புல் மூலம் மற்ற இரண்டின் மகரந்தத்தையும் உள்வாங்கிக் கலப்புச் செய்ய வழி பிறந்தது.

கொலம்பியாவின் காலி நகருக்கு அருகிலுள்ள சர்வதேச வெப்பவலய வேளாண்மை நிலையத்தில் அந்த வேலை 1980 களின் கடைசியில் தொடங்கியது. அங்கிருந்து 2001 இல் முலாட்டோ என்ற முதலாவது கலப்பினம் வெளிவந்தது. புல் செழிப்பாக இருந்தது, மாடுகள் விரும்பித் தின்றன, ஆனால் நுரைப்பூச்சிக்கு எதிர்ப்புப் போதாமல் இருந்தது. சில ஆண்டுகளில் வந்த இரண்டாவது முலாட்டோவில்தான் அந்த எதிர்ப்பும் சேர்ந்தது. கலப்புச் செய்தால் நல்லவை எல்லாம் தாமாக ஒன்று சேர்ந்துவிடும் என்பது பலருடைய எண்ணம். உண்மையில், கலக்கும்போது பரம்பரையலகுகள் மறுபடி பங்கிடப்படுகின்றன. எது எந்தப் பிள்ளைக்குப் போயிற்று என்பதைப் பூச்சியை விட்டுச் சோதித்துத்தான் அறிய முடியும். அந்த நிலையத்தில் ஆயிரக்கணக்கான நாற்றுகளின் மீது நுரைப்பூச்சியின் முட்டைகளை வைத்து, எந்த நாற்றில் இளம்பூச்சிகள் குறைவாகப் பிழைக்கின்றன என்று பார்த்து, அவற்றையே மீண்டும் ஒன்றோடொன்று கலந்து, பிள்ளைகளை மீண்டும் சோதித்தார்கள். சில சுற்றுகளுக்குள்ளேயே எதிர்ப்பு வேகமாக உயர்ந்தது. இந்தக் குணம் பெற்றாரிடமிருந்து பிள்ளைக்கு வலுவாகக் கடத்தப்படுகின்றது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே வேளையில் இன்னொன்றும் தெரிய வந்தது. ஓர் இன நுரைப்பூச்சிக்கு எதிர்ப்புக் காட்டிய புல் மற்றோர் இனத்துக்கு எதிர்ப்புக் காட்டும் என்று சொல்ல முடியவில்லை. இளம்பூச்சியைக் கொல்லுகின்ற புல், வளர்ந்த பூச்சியின் உமிழ்நீரைத் தாங்கும் என்றும் சொல்ல முடியவில்லை.

இதையே நெல்லில் வைத்துப் பார்த்தால் வன்னியில் இருக்கின்ற நமக்கு இன்னும் நன்றாக விளங்கும். நெல்லும் புல்தான். அறக்கொட்டியான் என்று நம்மவர்கள் சொல்லுகின்ற கபில நிறத் தத்தி, காலபோகத்தில் வயலை வட்டம் வட்டமாக எரித்துவிட்டுப் போவதை இரணைமடுவின் கீழ் வயல் செய்பவர்கள் யாவரும் பார்த்திருக்கின்றார்கள். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இந்தத் தத்திக்கு எதிரான ஒற்றைப் பரம்பரையலகைக் கொண்ட ஐஆர்-26 என்ற நெல்லை 1973 இல் வெளியிட்டது. சில ஆண்டுகளுக்குள் அதையும் தின்னக்கூடிய தத்திகள் பெருகிவிட்டன. 1976 இல் வேறொரு பரம்பரையலகைக் கொண்ட ஐஆர்-36 வந்தது. பின்னர் அதையும் தாக்கவல்ல தத்திகள் தோன்றின. ஆனால் நம் நாட்டின் பழைய நெல்லான ரத்து ஹீனட்டியின் எதிர்ப்பு நெடுங்காலமாக, பல நாடுகளின் தத்திகளுக்கு எதிராக நின்றுவந்திருக்கின்றது. 2015 இல் அந்த எதிர்ப்பின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, ஒற்றைப் பரம்பரையலகு என்று கருதப்பட்டது உண்மையில் அருகருகே இருக்கின்ற மூன்று பரம்பரையலகுகளின் கூட்டம் என்பது தெரிந்தது. அவை கலத்தின் மேற்பரப்பில் நின்று பூச்சியின் தாக்குதலை உணர்ந்து செய்தி கொடுக்கின்ற புரதங்களை உண்டாக்குகின்றன. ஒற்றைப் பரம்பரையலகை மட்டும் நம்பி ஊர் முழுவதும் நட்டால் பூச்சி அதற்கு வழி கண்டுபிடிக்கும் என்று முந்தைய உரைகளில் சொல்லியிருக்கின்றேன். இன்னும் எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லுவேன்.

சகோதரியின் கேள்வியில் 'பரம்பரையிலேயே இருக்கின்றதா' என்ற சொல் வந்ததனால், அதற்கு விதிவிலக்காக இருக்கின்ற ஒன்றையும் சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் மேய்ச்சற் தரைகளில் முக்கியமான புல் ரைப்புல். ஆர்ஜென்டீனத் தண்டு வண்டு அந்தப் புல்லை நாசமாக்கிவந்தது. சில வயல்களில் மட்டும் வண்டு குறைவாக இருந்ததைக் கவனித்த ஆய்வாளர்கள், 1982 இல் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். வண்டை விரட்டியது புல்லின் பரம்பரையலகு அன்று. புல்லின் உடலுக்குள் வெளியே தெரியாமல் வாழ்கின்ற ஒரு பங்கசு உண்டாக்கிய அற்கலோயிட்டுகள் என்ற இரசாயனப் பொருள்களே வண்டை விரட்டின. அந்தப் பங்கசு தாய்ப்புல்லின் விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றது. தகப்பனின் மகரந்தம் அதைக் கொண்டுபோவதில்லை. விதையை வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் நீண்ட காலம் வைத்தால், விதை உயிரோடு முளைக்கும், உள்ளேயிருந்த பங்கசு மட்டும் செத்திருக்கும். ஒரே புல், ஒரே பரம்பரை, ஆனால் எதிர்ப்பு இல்லை.

அந்தப் பங்கசின் கதையில் ஒரு துன்பமும் கலந்திருந்தது. அதே பங்கசு உண்டாக்குகின்ற லொலிட்ரெம் என்ற மற்றொரு பொருள், புல்லை மேய்கின்ற செம்மறிகளுக்கும் மாடுகளுக்கும் நடுக்கத்தை உண்டாக்கித் தள்ளாட வைத்தது. அந்த நோய்க்கும் பங்கசுக்கும் உள்ள தொடர்பு 1981 இல் வெளிவந்திருந்தது. வண்டிலிருந்து புல்லைக் காப்பாற்றினால் ஆடு விழுந்தது, ஆட்டைக் காப்பாற்றப் பங்கசை நீக்கினால் புல் அழிந்தது. பிறகு அவர்கள் உலகின் பல இடங்களிலிருந்து சேகரித்த ரைப்புற்களுக்குள் தேடி, வண்டுக்கு ஆகாத பெராமின் என்ற பொருளை உண்டாக்கி, கால்நடைக்குத் தீங்கான பொருள்களை உண்டாக்காத ஒரு பங்கசு வகையைக் கண்டெடுத்தார்கள். ஏஆர்-1 என்ற பெயரில் அது விவசாயிகளுக்குக் கிடைத்தது. நமது நேப்பியரிலும் கினிப்புல்லிலும் அந்த வகைப் பங்கசுகள் வாழ்வதில்லை, அவை குளிர்ப்பிரதேசப் புற்களுக்கு உரியவை. ஆனாலும் அந்தத் தேடலின் முறை நமக்கும் பாடமாக வேண்டியது.

புல்லில் பூச்சியெதிர்ப்பைத் தேடுகின்ற எவரும் மறக்கக் கூடாத ஒன்று, அதைத் தின்னப் போவது பூச்சி மட்டும் அன்று, மாடும்தான் என்பது. நெல்லிலோ கத்தரியிலோ இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை, ஏனென்றால் நாம் உண்பது பூச்சி தின்னும் இலையை அல்ல. நெடுங்கேணிப் பக்கத்தில் மாட்டுப்பட்டி வைத்திருந்த முதியவர் ஒருவர், மழை பொய்த்து வாடி நின்று பிறகு துளிர்த்த இறுங்குக்குள் மாட்டை விட்டால் அது வீடு திரும்பாது என்று என்னிடம் சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் சரி. இளம் இறுங்கில் தூரின் என்ற பொருள் இருக்கின்றது. இலையைக் கடிக்கும்போது அது உடைந்து சயனைட்டு நஞ்சை வெளிவிடுகின்றது. பூச்சிகளுக்கு எதிராக இறுங்கு வைத்திருக்கின்ற ஆயுதம் அது. அந்தத் தூரினை உண்டாக்குகின்ற பரம்பரையலகுகள் ஒரே நிறமூர்த்தத்தில் அருகருகே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் விகாரத்தை உண்டாக்கித் தூரின் சுரக்காத இறுங்கை உருவாக்கியதாக அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2012 இல் அறிவித்தார்கள். மாட்டுக்கு அது பாதுகாப்பான தீவனம். ஆனால் ஆயுதத்தை இழந்த பயிரைப் பூச்சியும் பயமின்றி நெருங்கக்கூடும். சிலிக்காவும் அப்படித்தான். புல்லின் இலையில் மணல் போலப் படிகின்ற சிலிக்கா புழுவின் தாடையைத் தேய்த்துவிடும், அதே சிலிக்கா மாட்டின் வயிற்றில் புல் செரிப்பதையும் குறைக்கும்.

ஆகவே நமக்கு வேண்டியது பூச்சியின் உடலமைப்பைக் குறிவைத்து, மாட்டின் உடலமைப்பை விட்டுவிடுகின்ற எதிர்ப்பு. அப்படியான எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் மிசிசிப்பியில், அன்டிகுவாத் தீவின் நாட்டுச் சோளங்களிலிருந்து பெற்ற பரம்பரையைக் கொண்டு உருவாக்கிய சோள வழி ஒன்று இருக்கின்றது. படைப்புழு அதன் குருத்தைக் கடித்த ஒரு மணித்தியாலத்துக்குள் கடிபட்ட இடத்தில் ஒரு நொதியம் திரளத் தொடங்குகின்றது. அந்த நொதியம் புழுவின் குடலுக்குள் உணவைச் சுற்றியிருக்கின்ற மெல்லிய சவ்வைத் துளைத்துவிடுகின்றது. புழு தின்றாலும் வளராது. புழுக்குடலின் அந்தச் சவ்வு மாட்டின் வயிற்றில் இல்லை.

இப்போது கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வருகின்றேன். கினிப்புல்லில் அப்படியான ஒரு குணம் உண்மையாகவே இருந்தாலும் அதைச் சீஓ-3 புல்லுக்குள் கலப்பின் மூலம் கொண்டுவர முடியாது. கினிப்புல் வேறொரு சாதியைச் சேர்ந்தது. அதோடு, அதுவும் பெரும்பாலும் கருவுறாமலே விதை தருவது. சீஓ-3 புல்லின் நிலைமை இன்னும் கடினம். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், நேப்பியர் புல்லையும் கம்பையும் கலந்து அதை உருவாக்கியது. நேப்பியரின் கலத்தில் 28 நிறமூர்த்தங்கள், கம்பின் கலத்தில் 14. ஒவ்வொன்றிலும் பாதி வந்து சேர்ந்ததனால் பிள்ளைக்கு 21. மூன்று தொகுதிகளாக நிற்கின்ற அந்த 21 நிறமூர்த்தங்கள் சோடி சேர முடியாததால் அந்தப் புல்லில் நல்ல விதை உண்டாவதில்லை. விதை இல்லாத புல்லைக் கொண்டு மேலும் கலப்புச் செய்ய முடியாது. செய்யக்கூடியது, பெற்றாரிடம் திரும்பிப் போவது. நூற்றுக்கணக்கான நேப்பியர் வகைகளும் கம்பு வகைகளும் உலகில் இருக்கின்றன. எதியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் தீவனப் புற்களின் பெரிய சேகரிப்பொன்றைப் பேணிவருகின்றது. அவற்றைப் படைப்புழுவை விட்டுச் சோதித்து, எதிர்ப்புள்ள தாயையும் தகப்பனையும் தேர்ந்து புதிய கலப்பினத்தை உண்டாக்கலாம். பல ஆண்டுகள் பிடிக்கும் வேலைதான், ஆனால் நம் மாணவர்களால் செய்ய முடியாத வேலை அன்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கின்றது. அங்கே படிக்கின்ற பிள்ளைகள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், ஆய்வுக்குத் தலைப்புத் தேடி வெளியே அலைய வேண்டியதில்லை என்று சொல்லுவேன்.

இந்தச் சகோதரி கேட்காத, ஆனால் கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருக்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கின்றது. வன்னியில் இத்தனை வளவுகளில் வளர்கின்ற சீஓ-3 புல் எங்கிருந்து வந்தது என்பதே அது. அது தண்டுத் துண்டாக வந்தது. ஒரு வீட்டில் வெட்டிய தண்டை அடுத்த வீட்டுக்குக் கொடுத்து, அங்கிருந்து அடுத்த கிராமத்துக்கு எடுத்துப்போய், மீள்குடியேறிய காலத்தில் மாட்டோடு சேர்த்துத் தண்டையும் வாங்கி நட்டு, இன்று பரந்தனிலும் ஒட்டுசுட்டானிலும் செட்டிகுளத்திலும் நிற்பது பரம்பரை வழியில் பார்த்தால் ஒரே செடிதான். ஊரிலுள்ள எல்லா வேலிகளிலும் ஒரே இடத்தில் பொட்டு இருக்குமானால், ஒரு வளவுக்குள் நுழையப் பழகிய கட்டாக்காலி மாடு எல்லா வளவுக்குள்ளும் நுழைந்துவிடும். ஒரு புல்லைத் தின்னப் பழகிய பூச்சிக்கு நாம் மாவட்டம் மாவட்டமாக விருந்து வைத்திருக்கின்றோம்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. எதிர்ப்புள்ளது என்று கொண்டாடப்பட்ட மராண்டுவையே எடுத்துக்கொள்ளுங்கள். விதையால் பரவினாலும் எல்லாச் செடியும் ஒரே பிரதி. அதைப் பிரேசிலில் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் விதைத்தார்கள். பழைய நுரைப்பூச்சிகள் அதனிடம் தோற்றன. ஆனால் கரும்பைத் தாக்கிவந்த வேறோர் இன நுரைப்பூச்சி வடபகுதியில் மராண்டுப் புல்லில் பெருகியது. கென்யாவில், நம்மைப் போலவே தண்டுத் துண்டைக் கைமாற்றி நேப்பியர் வளர்த்த சிறு பாற்பண்ணையாளர்களின் புல்லைக் குட்டை நோய் பிடித்தது. தத்துப்பூச்சி ஒன்று பரப்புகின்ற அந்த நோய், நோயுள்ள தண்டைக் கொடுத்து வாங்கியதனாலும் பரவியது. நியூசிலாந்தில் தண்டு வண்டை அழிக்க 1991 இல் தென்னமெரிக்காவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதலில் நன்றாக வேலை செய்த அந்தக் குளவியின் வெற்றி பின்னர் சரிந்தது. வண்டு ஆணும் பெண்ணும் கலந்து பெருகுவது, குளவி தனித்தாயிலிருந்து பிரதியாகப் பெருகுவது. கலப்பில்லாத பக்கம் மாற்றத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கியது என்றே ஆய்வாளர்கள் கருதுகின்றார்கள்.

பழைய வகைகளை நாம் இழக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு சான்றும் கென்யாவிலிருந்தே வருகின்றது. தண்டு துளைக்கும் பூச்சி இலையில் முட்டையிட்டவுடனேயே, புழு வெளிவருவதற்கு முன்பே, சில நாட்டுச் சோளங்கள் ஒரு வாசனையை வெளியிட்டு ஒட்டுண்ணிக் குளவிகளை அழைக்கின்றன. சோதித்துப் பார்த்த வணிகக் கலப்பினச் சோளங்களில் அந்தக் குணம் இருக்கவில்லை. விளைச்சலைக் கூட்டத் தேர்ந்தெடுத்தபோது, யாரும் அறியாமலேயே அது கைநழுவிப் போயிருக்கின்றது.

சகோதரி, இனி உங்கள் வளவுக்கு வருகின்றேன். புழு இளம் பருவத்தில் இருக்கும்போதே, குருத்துக்குள் மரத்தூள் போன்ற எச்சத்தைக் கண்டவுடன், புல்லை நிலத்துக்கு அருகில் வெட்டி மாட்டுக்குப் போட்டுவிடுங்கள். புழு தின்பதற்கு முன் மாடு தின்னட்டும். தீவனப் புல்லுக்குப் பீடைநாசினி தெளிக்க வேண்டாம், அது பாலுக்கு வந்து சேரும். வெட்டிய பிறகு எந்தெந்தத் தூர்கள் முதலில் தழைக்கின்றன என்று பாருங்கள். எல்லாம் ஒரே செடி என்று நான் சொன்னதால், அங்கே காணும் வேறுபாடு பெரும்பாலும் மண்ணையும் நீரையும் எருவையும் பொறுத்ததாகவே இருக்கும். அதை அறிந்தால் எங்கே எரு போட வேண்டும் என்பது தெரியும். புதிதாக நடும் வரிசைகளில் சீஓ-3 புல்லை மட்டும் நடாதீர்கள். ஒரு வரிசை கினிப்புல், தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து ஒரு வரிசை பிரக்கியேரியா, வேலியில் கிளிசரியா என்று மாற்றி நடுங்கள். புழு பிடித்த ஆண்டிலும் மாட்டுக்கு ஏதோ ஒன்று மிஞ்சும்.

அந்த வாய்க்கால் ஓரக் கினிப்புல்லைப் பற்றி நான் சொன்ன சாடிச் சோதனையை உங்களால் செய்ய முடியும். வீட்டிலுள்ள பழைய வாளிகள் போதும். அடுத்த முறை புழுவைக் காணும்போது, ஒரே வயதுத் துளிரில் இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையாக விட்டு, மூன்றாம் நாளிலும் ஏழாம் நாளிலும் எத்தனை புழுக்கள் உயிரோடு இருக்கின்றன, எவ்வளவு பெருத்திருக்கின்றன என்று எழுதி வையுங்கள். கினிப்புல் மீது விட்ட புழுக்கள் தின்று பெருத்திருந்தால், அந்துப்பூச்சிதான் அதைத் தவிர்த்திருக்கின்றது. தின்றும் சிறுத்து இறந்திருந்தால், அந்தப் புல்லின் உள்ளே எதிர்ப்பு இருக்கின்றது. அப்படி இறந்திருந்தால் அந்தத் தூரை வெட்டி அழிக்காமல் அடையாளமிட்டு வைத்து, எனக்கு அறியத் தாருங்கள். நானே வந்து பார்க்கின்றேன்.